சந்திரலேகா பற்றிய ஆவணப்படத்தை மாணவியருக்குக் காட்டலாமா?

திருகோணமலையில் உயர்தர வகுப்புக்குப் பரதம் கற்பிக்கும் இளம் ஆசிரியை என்று உங்களை அறிமுகப்படுத்திக்கொண்டு, இரண்டு வரியில் கேட்டிருக்கிறீர்கள்: நடன அமைப்பாளர் சந்திரலேகாவின் வாழ்வையும் கலையையும் சொல்லும் ஆவணப்படத்தை மாணவியருக்குக் காட்டலாமா, அதில் அவர் செய்வது பரதம்தானா? இரண்டாவது கேள்வியில்தான் உங்கள் மனம் நிற்கிறது என்று எனக்குப் படுகிறது. படத்தைப் பார்த்த நீங்கள் குழம்பியிருக்கிறீர்கள். அந்தக் குழப்பத்தோடு பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கத் தயங்குகிறீர்கள். ஆகவே நீங்கள் உண்மையில் கேட்பது, ஒரு நடனப் படைப்பாளியின் வேலையைத் திரையில் பார்த்து எவ்வளவு தூரம் அறிய முடியும், அதில் எதை நம்பலாம் என்பதே. இதே ஊரில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தட்டுக்கழி பிடித்து நடனம் கற்பித்தவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். சந்திரலேகாவின் படைப்பு எதையும் நான் மேடையில் நேரே பார்த்தவள் அல்லள். போர்க்காலத்தில் இங்கிருந்து சென்னைக்குப் போய் ஒரு நிகழ்ச்சி பார்த்துத் திரும்புவது எங்களுக்கு இயலாத காரியமாக இருந்தது. நானும் அவரைப் படங்கள் வழியாகவும் எழுத்துகள் வழியாகவும் அறிந்தவளே. அந்த எல்லையை மனத்தில் வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள்.

முதலில் ஐயமில்லாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். சந்திரலேகா 1928-இல் மகாராஷ்டிரத்தில் உள்ள வாடா என்ற ஊரில் பிறந்தவர். சட்டம் படிக்கத் தொடங்கி அதை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்து, காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பரதம் கற்றார். 1952-இல் அரங்கேற்றம் நடந்தது. பின்னர் சில ஆண்டுகள் தனி ஆட்டக்காரியாகப் பெயர் பெற்று, படிப்படியாக மேடையிலிருந்து விலகி, எழுத்து, சுவரொட்டி வடிவமைப்பு, பெண்கள் இயக்கம், மனித உரிமைப் பணி என்று வேறு வழிகளில் நடந்தார். 1984-இல் மும்பையில் நடந்த கிழக்கு மேற்கு நடனச் சந்திப்பு அவரை மீண்டும் நடனத்துக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ‘அங்கிகா’ என்ற குழுப் படைப்பு வந்தது. அதன் பின் ‘லீலாவதி’, ‘பிராணா’, ‘ஸ்ரீ’, ‘யந்திரா’, ‘மகாகால்’, ‘ராகா’, ‘ஸ்லோகா’ என்று தொடர்ந்து, 2001-இல் ‘சரீரா’வோடு நிறைவடைந்தது. 2006 டிசம்பர் 30-இல் சென்னையில் காலமானார். அவர் வாழ்ந்தது பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டிய வீட்டில். வடிவமைப்பாளர் தஷ்ரத் படேலும், ஒளியமைப்பைக் கவனித்த எழுத்தாளர் சதானந்த் மேனனும் அவருடைய நெடுநாள் துணைவர்கள். இவற்றை மாணவியர் குறிப்பேட்டில் எழுதலாம்.

அவரைப் பற்றிப் பேசுவோர் எவரும் தவறாமல் சொல்லும் அரங்கேற்றக் கதையோ அப்படிப்பட்டதன்று; அதைச் சற்று எச்சரிக்கையோடு கையாள வேண்டும். அந்த நிகழ்ச்சி ராயலசீமை வறட்சி நிவாரண நிதிக்காக நடந்தது. அவர் ‘மதுரா நகரிலோ’ என்ற உருப்படியை ஆடிக்கொண்டிருந்தார். யமுனையின் நீர்ப்பெருக்கையும் பெண்கள் நீர் தெளித்து விளையாடுவதையும் கைகள் காட்டிக்கொண்டிருந்த அதே நொடியில், வறண்டு வெடித்த நிலத்தின் படங்கள் நினைவில் வந்து நின்றன, கலைக்கும் வாழ்வுக்கும் இடையே இத்தனை பெரிய பிளவா என்று அதிர்ந்தேன் என்று அவர் பிற்காலத்தில் பல முறை நினைவுகூர்ந்திருக்கிறார். அரங்கேற்றம் நடந்தது, நிதி வறட்சிக்காகத் திரட்டப்பட்டது, இவை நிகழ்வுகள். அந்த ஒரு நொடியில் ஒரு படைப்பாளி பிறந்தார் என்பது நிகழ்வன்று. தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்த ஒருவர் அதற்குக் கொடுத்த பொருள். அந்த நொடிக்குப் பின்னும் அவர் சில ஆண்டுகள் அதே மார்க்கத்தை, அதாவது மரபான கச்சேரி ஒழுங்கை, தனியாக ஆடினார் என்பதையும், அங்கிகாவுக்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் பிடித்தன என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பிள்ளைகளுக்கு உண்மையான அளவு விளங்கும். ஆவணப்படத்துக்குத் திருப்புமுனை பிடிக்கும். காட்சிக்கு அது வசதியானது. முப்பத்து மூன்று ஆண்டு அலைந்து தேடியதைக் காட்சியாக்குவது கடினம், ஆனால் அவருடைய கலையை உருவாக்கியது பெரும்பாலும் அந்த ஆண்டுகள்தான் என்பது என் கருத்து.

இனி, அது பரதம்தானா என்ற கேள்வி. அங்கிகாவில் தெய்வக் கதை இல்லை, நாயகி இல்லை, சகி இல்லை, காதல் பாடல்களான பதமும் ஜாவளியும் தருகிற சிருங்கார அபிநயம் இல்லை, நாம் அறிந்த நகைகளும் விசிறி மடிப்பும் இல்லை. இத்தனையும் நீக்கிய பின் எஞ்சியது என்ன என்பதுதான் அவருடைய தேடல். எஞ்சியது அரைமண்டி. முழங்கால்கள் பக்கவாட்டில் திறந்து, குதிகள் சேர்ந்து, முதுகுத்தண்டு நிமிர்ந்து, உடலின் கனம் இடுப்புக்குள் இறங்கி நிற்கும் அந்த நிலையை அவர் வெறும் தொடக்க நிலையாகப் பார்க்கவில்லை. அதுவே ஒரு முழுக் கூற்று என்று பார்த்தார். அபிநயதர்ப்பணம் என்ற நடன நூல் சொல்லும் பத்து மண்டலங்களை, அதாவது நிற்கும் நிலைகளை, நம் மாணவியர் பரீட்சைக்காக ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள்: ஸ்தானகம், ஆயதம், ஆலீடம் என்று. ஆயதத்தில் ஐந்து நிமிடம் நின்று, அங்கே உடலுக்குள் என்ன நடக்கிறது என்று கவனிக்கச் சொன்னால் அவர்களுக்குத் தெரியாது. சந்திரலேகா கேட்டது அந்தக் கவனத்தைத்தான். மண்டி என்ற சொல்லே மண்டலத்திலிருந்து வந்தது என்று சொல்வாரும் உண்டு. மண்டியிடுதல் என்ற வழக்கு தமிழில் தனியாகவே இருப்பதால், அதை முடிந்த முடிபாகப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம்.

அதே போல, அவர் பரதத்தோடு கேரளத்துப் போர்க்கலையான களரிப்பயற்றையும் யோகத்தையும் ஒரே மேடையில் நிறுத்தியதைக் கண்டு, இவை மூன்றும் ஒரே தாய்வயிற்றுப் பிள்ளைகள் என்று சிலர் எழுதுகிறார்கள். களரி வீரன் யானை வடிவிலும் சிங்க வடிவிலும் தாழ்ந்து நிற்பதையும் நம் பிள்ளை அரைமண்டியில் நிற்பதையும் அருகருகே வைத்தால் உறவு கண்ணுக்குத் தெரிகிறது. அந்த உறவை மேடையில் நிறுவியது அவருடைய சாதனை. அது உடலில் காணும் ஒற்றுமை. வரலாற்றில் ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்பதற்கு அது சான்றாகாது. நம் பக்கத்தில் கூத்து ஆடும் இடத்தையும் களரி என்றே சொல்கிறோம். தம்பலகாமத்திலோ மூதூர்ப் பக்கத்திலோ கூத்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், கேரளத்துக் களரியும் நம் வட்டக்களரியும் ஒன்றா என்று கட்டாயம் கேட்பார்கள். சொல் ஒன்று, கலைகள் வேறு என்று தயங்காமல் சொல்லுங்கள்.

உண்மையில், வடிவத்தை மாற்றினால் அது அதே கலைதானா என்ற வழக்கு கிழக்கிலங்கைக்குப் புதியதன்று. 1960-களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, நாற்புறமும் மக்கள் சூழ்ந்த வட்டக்களரியிலிருந்து ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு ஏற்றியபோது, கூத்தைக் காப்பாற்றினார் என்றவர்களும் உண்டு, கூத்தின் உயிரை எடுத்துவிட்டார் என்றவர்களும் உண்டு. ‘இராவணேசன்’ என்ற கூத்து அந்த வரிசையில் வந்தது, சி. மௌனகுரு இராவணனாக ஆடினார். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் இராவணன் வெட்டைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் அந்நியமானதன்று. தாளக்கட்டும் ஆட்டமும் இருந்தன, நேரமும் களமும் மாறின. சந்திரலேகாவிடம் நடந்தது ஏறக்குறைய இதற்கு எதிர்த்திசையிலான மாற்றம்: கதையும் அலங்காரமும் போயின, ஆனால் நேரம் நீண்டது. ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: அது மார்க்கம் அன்று, ஆனால் பரதத்தின் எலும்பு அதில் இருக்கிறது. கச்சேரியாக ஆடும் பரதம் மட்டுமே பரதம் என்று கருதும் பெரிய ஆசிரியர்கள் இதை ஏற்கமாட்டார்கள். அலாரிப்பு முதல் தில்லானா வரையான கச்சேரி ஒழுங்கு, நடன ஆசிரியர்களான தஞ்சை நால்வர் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருவானது என்பதையும், சதிர் என்று அழைக்கப்பட்ட ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரோடு 1930-களில்தான் புதிய மேடைக்கு வந்தது என்பதையும் நினைத்தால், ஆசிரியர் ஒருவர் ஒழுங்கை மாற்றுவது இந்தக் கலைக்குப் புதிதல்ல என்று நான் சொல்வேன்.

இப்போது திரைக்கு வருகிறேன். உங்களுக்கு என்னால் உதவ முடிவது இங்கேதான். சந்திரலேகாவின் கலைக்குப் பொருள் நேரம். ‘சரீரா’வில் ஒரு பெண்ணும் ஓர் ஆணும், குண்டேச்சா சகோதரர்களின் துருபத் இசைக்கு, இடைவேளையின்றி ஏறக்குறைய ஒரு மணி நேரம் மிக மெதுவாக அசைகிறார்கள். கவிஞர் திஷானி தோஷியும் களரி பயின்ற ஷாஜி ஜானும் அதைப் பல ஆண்டுகள் ஆடினார்கள். ஒரு கால் தரையிலிருந்து எழுந்து மேலே போய்ச் சேர எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நாம் ஒரு தீர்மானத்தை முடித்துவிடுவோம். அரங்கில் இருப்பவருடைய மூச்சும் அந்த மெதுவுக்கு இறங்கிவர வேண்டும் என்பதே படைப்பின் நோக்கம். ஆவணப்படம் அந்த ஒரு மணி நேரத்திலிருந்து நாற்பது வினாடியை எடுத்து, அதன் மேல் ஒருவர் பேசும் குரலை வைத்து, அடுத்த காட்சிக்குப் போய்விடும். இதைப் படம் எடுத்தவரின் குற்றமாக நான் சொல்லவில்லை; அரை மணி நேரத்தில் ஒரு வாழ்க்கையைச் சொல்ல வேண்டியவர் வேறென்ன செய்வார். ஆனால் அந்த நாற்பது வினாடியில் நாம் பார்ப்பது ஒரு தோற்றத்தை. அவர் அமைத்ததோ நீட்சியை.

இதை நான் புரிந்துகொண்டது என் வகுப்பில் நேர்ந்த ஒரு தவறால். பல ஆண்டுகளுக்கு முன் பதினொரு மாணவியருக்கு இத்தகைய படமொன்றின் சில பகுதிகளை மடிக்கணினியில் காட்டினேன். அடுத்த மாதம் கலைவிழாவுக்கு அவர்களே ஓர் ஆக்கம் செய்துவந்தார்கள்: கறுப்பு உடை, விரித்த கைகள், ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்த நிலை, ஐந்து வினாடிக்கு ஒரு கோலம். படத்தில் வெட்டு விழுந்த இடத்தில் எல்லாம் அவர்களும் நிலையை மாற்றியிருந்தார்கள். படத்தொகுப்பாளரின் வேலையை நடன அமைப்பு என்று கற்றுக்கொண்டிருந்தார்கள். பிழை பிள்ளைகளுடையதன்று, காட்டிய என்னுடையது. அன்று மாலையே அவர்களை அரைமண்டியில் நிறுத்தி, பாட்டும் சொற்கட்டும் இல்லாமல் கடிகாரத்தை மட்டும் பார்த்தேன். ஒரு நிமிடத்தில் தொடை நடுங்கத் தொடங்கியது. ஒன்றரை நிமிடத்தில் முழங்கால் முன்னுக்கு வந்தது. இரண்டாவது நிமிடத்தில் ஒருத்தியின் மேலுதட்டில் வியர்வை அரும்பி நின்றது, துடைக்கவும் கையை எடுக்காமல் நின்றாள். நிலை அப்படியே இருந்தது, ஆனால் அதற்குள் எவ்வளவோ நடந்துகொண்டிருந்தது. அதன் பிறகு அதே படத்தை மீண்டும் போட்டபோது ஒருவரும் பேசவில்லை. ஆட்டக்காரியின் கணுக்காலைப் பார்த்தார்கள்.

ஒப்பிட்டுக் காட்ட வேறு இரண்டு படங்கள் பற்றியும் சொல்லலாம். பரதக் கலைஞர் பாலசரஸ்வதி பற்றிச் சத்யஜித் ராய் 1976-இல் எடுத்த ‘பாலா’ முதலாவது. 1966 அளவில் எடுக்க எண்ணியது பத்து ஆண்டு தள்ளிப்போய், பாலசரஸ்வதிக்கு 58 வயதானபோது நிறைவேறியது. அதில் அவர் கடற்கரையில் நின்று ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’ ஆடுவது எல்லோருக்கும் நினைவிருக்கும். காற்று சேலையை இழுக்கிறது, பின்னால் அலை புரள்கிறது. அபிநயத்தைப் பார்க்கவிடாமல் கடல் கண்ணை இழுக்கிறது என்று குறை சொல்வோர் உண்டு; எனக்கும் அந்தக் குறை பாதி சரி என்றே தோன்றும். ஆனால் நம் ஊர் டச்பேக் கடற்கரையில் விழாவுக்கு ஆடிய எவருக்கும் ஒன்று தெரியும்: மணலில் தட்டு விழாது. கால் புதையும், ஓசை எழாது, சலங்கை மட்டும் சிணுங்கும். கடற்கரையில் வைக்கக்கூடியது நின்று செய்யும் பதம்தான். அதே படத்தில் ஒரு வர்ணமும் இருக்கிறது; அதற்குக் கமரா ஏறக்குறைய அசையாமல், வெட்டாமல் பொறுமையாக இருக்கிறது. நடனத்தைப் படமெடுக்கும் இரண்டு வழிகளும் ஒரே படத்தில் கிடைப்பதால் மாணவியருக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

மற்றையது ஜெர்மானிய நடன அமைப்பாளர் பினா பவுஷ் பற்றி விம் வெண்டர்ஸ் எடுத்து 2011-இல் வெளிவந்த ‘பினா’. படப்பிடிப்புத் தொடங்க இருந்த நேரத்தில், 2009 ஜூனில் பினா இறந்துபோனார். அவருடைய ஆட்டக்காரர்கள் வேண்டிக்கொண்டதால் படம் தொடர்ந்தது. அதில் வாழ்க்கை வரலாறு என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. படைப்புகளின் நீண்ட பகுதிகளும் அவரோடு உழைத்தவர்களின் முகங்களுமே படம். அமைப்பாளரின் கலை அவருடைய பேச்சிலிருந்து பிரிந்து மற்றவர்களின் உடலில் வாழ்கிறது என்பதை அந்த இழப்பே காட்டிவிட்டது. சந்திரலேகா பற்றிய படங்களிலோ அவரே பேசுகிறார். வெண்கூந்தலும் பெரிய பொட்டுமாக அவர் பேசத் தொடங்கினால் நம் கண் வேறெங்கும் போகாது. அவ்வளவு கவர்ச்சியான பேச்சு. அதனாலேயே ஆபத்து: அவர் தம் படைப்பைப் பற்றிச் சொல்வதைப் படைப்பென்று எடுத்துக்கொண்டுவிடுவோம். மாணவியருக்குக் காட்டும்போது முதல் முறை ஒலியை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

எந்தப் பகுதிகளைக் காட்டுவது என்பதிலும் உங்களுக்குத் தயக்கம் இருக்கும். ‘சரீரா’ பெண்ணுடலின் காமத்தையும் ஆற்றலையும் மறைக்காமல் சொல்லும் படைப்பு. அதை இழிவாகப் பார்க்க எதுவுமில்லை என்பது என் உறுதியான எண்ணம். என்றாலும் பதினேழு வயதுப் பிள்ளைகள் இருபது பேரைப் பாடசாலை மண்டபத்தில் உட்காரவைத்து, முன்னுரை எதுவும் இல்லாமல் அதைத் திரையிடுவது அவர்களுக்கும் படைப்புக்கும் நீதி செய்யாது. பெற்றோருக்கு முன்கூட்டிச் சொல்லி, சிறு குழுவாக இருத்திக் காட்டலாம். தொடங்குவதற்கு ‘லீலாவதி’ பொருத்தமானது. 1989-இல் அமைத்த அந்தப் படைப்புக்கு அடிப்படை, 12-ஆம் நூற்றாண்டில் பாஸ்கராசாரியர் எழுதிய கணித நூல். அந்த நூலில் ஒரு கணக்கு: வண்டுக் கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு கடம்ப மலருக்குப் போனது, மூன்றில் ஒரு பங்கு சிலீந்திர மலருக்குப் போனது, இவ்விரண்டின் வேறுபாட்டைப் போல் மும்மடங்கு குடச மலருக்குப் போனது, எஞ்சிய ஒரே வண்டு மல்லிகையின் மணமும் தாழையின் மணமும் ஒருங்கே அழைக்க, எங்கே போவதென்று தெரியாமல் நடுவில் சுழன்றது, கூட்டத்தில் வண்டுகள் எத்தனை? விடை பதினைந்து. என் வகுப்பில் ஒரு வருடம் சரியாகப் பதினைந்து பேர் இருந்தார்கள். மூன்று பேர் ஒரு மூலைக்கும், ஐந்து பேர் இன்னொரு மூலைக்கும், ஆறு பேர் மூன்றாவது மூலைக்கும் நாட்டடவு என்ற அடவில் போக, ஒருத்தி மட்டும் நடுவில் நின்று இரு பக்கமும் திரும்பினாள். எவரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கணக்கும் ஏக்கமும் ஒரே இடத்தில் நின்றன. நடன அமைப்பு என்றால் இடத்தை எண்ணுவது என்று அன்று அவர்களுக்கு விளங்கியது. நூலைப் படித்து நான் சொல்லியிருந்தால் விளங்கியிருக்காது.

ஆகவே காட்டுங்கள் என்பதே என் பதில். ஆனால் முதலில் உடலை வேலைவாங்கி, பிறகு படம். முதல் நாள் அரைமண்டி, இரண்டாம் நாள் வண்டுக் கணக்கு, மூன்றாம் நாள் ஒலியில்லாமல் படம், அதன் பின் முழுப் படம். முழுப் படத்துக்குப் பிறகு, அவர் சொன்னவற்றில் எவை உடலில் தெரிந்தன, எவை சொல்லில் மட்டும் இருந்தன என்று ஒவ்வொருவரையும் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாள்களில் ஒன்றிரண்டு உங்களையே திருத்தும், என்னைத் திருத்தியிருக்கின்றன.

ஒன்று மட்டும் கவனம். நம் பாடசாலை மண்டபங்கள் பெரும்பாலும் சீமெந்துத் தரை. அரைமண்டியில் நீண்ட நேரம் நிறுத்தும்போது பாயோ சாக்கோ விரித்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முழங்கால் பாதத்தின் திசையிலிருந்து விலகி முன்னுக்கு வரும் பிள்ளையை உடனே எழுப்பிவிடுங்கள். வலி முழங்காலுக்குள் என்று ஒருத்தி சொன்னால் அவளை அன்று உட்காரவைத்துப் படத்தை மட்டும் பார்க்கவிடுங்கள். தொடையில் என்று சொன்னால் இன்னும் பத்து எண்ணிக்கை நிற்கலாம்.